பிரேக் ஓகே

ஏனுங்க சார், கோவிச்சுக்காதீங்க. ரெண்டே வரி. இங்கிலீஷ்ல ரெண்டே ரெண்டு வரி தட்டிக் குடுத்தீங்கன்னாப் போதும். திருப்பூர்ல இருந்து பார்த்துட்டே வர்றேன், அந்த லேப்டாப்புல குனிஞ்சுகூடப் பார்க்காம பொரிஞ்சு தள்றீங்க. நான் ஒரு எழுத்தைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள ஒரு ஸ்டேஷன் வந்துரும்.

படிக்கத் தெரியுமுங்க எனக்கு. முப்பது வருஷமா ரேஸ் கார் மெக்கானிக். அந்தக் காருக்கு வர்ற புஸ்தகம் பூரா இங்கிலீஷ்தான். எந்த டீம்ல வேணாலும் கேட்டுப் பாருங்க, கோயமுத்தூர் சென்னியப்பன்னா தெரியும். படிக்க வரும், எழுதத்தான் வராது. என்ற மகளுக்கு நல்லா வருமுங்க, காலேஜ் போறா. அவகிட்டக் காட்டலை. அவ ஏதாச்சும் கேப்பா.

யாருக்கா? ஒரு பையனுக்குங்க. பையன்னா இருபத்திமூணு வயசு. ஜெரிக்கோன்னு பேரு, ஃபிலிப்பைன்ஸ்காரன். ரேஸ் ஓட்டறவன். ஓட்டிட்டு இருந்தவன். போன வருஷம் நம்ம டீமுக்கு ஓட்டறதுக்குன்னே கோயமுத்தூர் வந்தான். கடைசி ரேஸ்ல நேராப் போயி சுவத்துல அடிச்சு இடது கால் நொறுங்கிப் போச்சு. பாதத்துல பதினோரு ஸ்க்ரூ.

இப்ப கால் சேர்ந்துருச்சாமா. டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாராமா. மலேசியாவுல ஒரு டீம் சீட்டுக் குடுக்கறேன்னு கூப்பிடறாங்களாமா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரின்னோ முடியாதுன்னோ சொல்லணும். அதுக்கு என்னைய ஒரு கேள்வி கேக்கறான். போனைப் பாருங்க, இதுதான். ‘அண்ணா, அன்னிக்கு பிரேக் பிடிக்காமப் போச்சா, இல்ல என் கால் தப்புப் பண்ணுச்சா? பிரேக்னா நான் போறேன். என் கால்னா இனிமே வண்டியில உக்கார மாட்டேன். பேசி அனுப்பாதீங்க, எழுதுங்க. எனக்குத் திரும்பத் திரும்பப் படிக்கணும்.’

அவ்வளவுதானுங்க. இதுக்குத்தான் ரெண்டு வரி.

நீங்க என்னன்னு எழுதறதுன்னு கேப்பீங்க. சொல்றேன். ஆனா ஒண்ணு மட்டும் முதல்லயே தெரிஞ்சுக்குங்க. ஃபிலிப்பைன்ஸ்காரன் அங்க போய்ச் சேர்றதெல்லாம் நடக்கற காரியமில்லீங்க. ஃபார்முலா ஒன் தெரியுமுங்கள்ல, டிவியில காட்டறது? உலகம் பூராவுக்கும் சேர்த்து இருபது, இருபத்திரண்டு சீட்டு. அதுல ஏறணும்னா தனியா ஒரு லைசென்ஸ் வேணும். அதுக்கு நாப்பது புள்ளி சேர்க்கணும். அங்க வர்றவனெல்லாம் அஞ்சாறு வயசுலயே வண்டியில உக்காந்தவன். இவன் பதிமூணு வயசுல, மணிலாவுல ஏதோ மால் பார்க்கிங்ல கயிறு கட்டி விட்டிருந்த குட்டி வண்டி ஓட்டிப் பழகுனவன். அவங்க நாட்டுல பாஸ்கெட்பால்னா உசிரு, பாக்ஸிங்னா உசிரு. ரேஸ்னா எவனும் திரும்பிப் பார்க்கறதில்லை. அவங்க நாட்டுக்காரன் ஒருத்தனும் அந்த சீட்டுல உக்காந்ததில்லைன்னு அவனேதான் சொன்னான். அப்பன் ஜீப்புக்கு பாடி கட்டறவர், அம்மா குவைத்துல நர்ஸ். இவன் எங்கீங்க போய்ச் சேர்றது? அவன் வந்த அன்னிக்கே நான் சொன்னேன், தம்பி, ஆசைப்படு, அளவா ஆசைப்படுன்னு. பல்லைக் காட்டிச் சிரிச்சான்.

நல்லா ஓட்டுவானுங்க. அதைச் சொல்லலைன்னா என்ற நாக்கு அழுகிப் போகும். முப்பது வருஷத்துல எத்தனையோ பேருக்கு வண்டி ரெடி பண்ணியிருக்கேன். பணக்கார வீட்டுப் பசங்க, ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து ‘வண்டி சரியில்லை’ம்பானுங்க. என்னடா சரியில்லைன்னா தெரியாது. இவன் அப்பிடி இல்லீங்க. வண்டியில இருந்து இறங்குவான், கண்ணை மூடுவான், ‘அண்ணா, மூணாவது திருப்பத்துல பின்னாடி வலது டயர் கொஞ்சம் லேட்டாப் பிடிக்குது’ம்பான். போய்ப் பார்த்தா அப்பிடியேதான் இருக்கும். ஒரு தடவைகூட அவன் சொன்னது பொய்யா இருந்ததில்லை.

என்னைய அண்ணான்னுதான் கூப்பிடுவான். ஞாயித்துக்கிழமைக்கு வீட்டுக்கு வருவான். கொள்ளுப் பருப்புன்னா அப்பிடிச் சாப்பிடுவான். வீட்டுக்காரி ‘ஏந்தம்பி, போதுமா?’ன்னா, ‘இன்னும் கொஞ்சம்’னு தமிழ்லயே சொல்லுவான். என்ற மக விழுந்து விழுந்து சிரிப்பா.

ஈரோடு தாண்டிருச்சுங்களா? சரி சரி, வளர்த்தாமச் சொல்றேன்.

ஒரு சீசனுக்கு பன்னண்டு ரேஸுங்க. பதினொண்ணு முடிஞ்சுது, நம்ம பையன்தான் மேல. கடைசி ரேஸ்ல நாலாவதா வந்தாலே போதும், சாம்பியன். சாம்பியனுக்குப் பரிசு என்னங்கறீங்க? அடுத்த வருஷம் ஐரோப்பாவுல ஓட்டறதுக்கு ஒரு முழு சீட்டு, இலவசமா. அங்க ஓட்டுனாத்தான் அந்த நாப்பது புள்ளியில ஏதாச்சும் சேரும். அவனுக்கு அது ஒண்ணுதான் வழி. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசி ரேஸ் ஞாயித்துக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை ஆயுத பூஜை. எப்பிடி அமைஞ்சுது பாருங்க. நான் இது நல்ல சகுனம்னு நெனச்சேன்.

பூஜைன்னா நான் ஒழுங்காப் பண்ணுவேனுங்க. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஸ்பேனர், ஜாக்கி, காத்து அடிக்கற மெஷின் எல்லாத்தையும் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழையிலையில வரிசையா அடுக்கி, வண்டிக்கு மாலை போட்டு, நாலு டயருக்கடியிலயும் எலுமிச்சம்பழம். வெச்சாச்சுன்னா மறுநாக் காலையில மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும். நடுவுல ஒரு திருப்புளியைக்கூடத் தொடக்கூடாது. பக்கத்து டீம்ல ஒருத்தன் இருந்தான். ஒரே ஒரு துருப்பிடிச்ச ஸ்பேனரை மட்டும் எலையில வெச்சுக் கும்பிட்டுப்போட்டு, மத்த சாமானை எடுத்து ராத்திரி வரைக்கும் வேலை பார்த்தான். ‘சாமிக்கு அது ஒண்ணு போதும்ணே’ங்கறான். அது பூஜையா சார்? சாமியவே ஏமாத்தற வேலை.

சனிக்கிழமை நாலே காலுக்கு மேல ஜெரி கடைசி பிராக்டீஸ் முடிச்சு உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழட்டினான், கண்ணை மூடினான். ‘அண்ணா, பெடல் லாங்’னான். பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ள போகுதுங்கறான். கடைசி ரெண்டு சுத்துல. சூடானதுக்கப்பறம்.

பிரேக்குல காத்துப் பூந்திருந்தா அப்பிடி ஆகும். இல்ல எங்கயாச்சும் பிரேக் ஆயில் கசிஞ்சாலும் அப்பிடி ஆகும். ஏர் எடுக்கணும், உள்ள இருக்கற காத்தை வெளியேத்தணும். ரெண்டு ஆளு, அரை மணி நேர வேலை. மணி நாலரை ஆயிருச்சு. நாலே முக்காலுக்கு நல்ல நேரம் ஆரம்பம். ஓனரு பட்டு வேட்டி கட்டிட்டு வந்து நிக்கறாரு, ஐயரு வந்தாச்சு, சாமானெல்லாம் எலையில ஏறியாச்சு. இப்பப் போயி ‘இருங்க, அந்தப் பதினோராம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கறேன்’னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அவனும் கும்பிட்டானுங்க. கழுத்துல மாதா டாலர் தொங்குது, கையைக் கூப்பிக்கிட்டு நிக்கறான். அவனாவே ஹெல்மெட்டைக் கொண்டாந்து எலையில வெச்சான். குங்குமத்தை எடுத்துப் பொட்டு வெச்சான். பொரி குடுத்தேன், வாய் நெறையப் போட்டுட்டு திரும்பக் கேட்டான், ‘அண்ணா, பெடல்?’ நான் சிரிச்சுட்டே ‘டூல் ஸ்லீப்பிங் தம்பி, டுமாரோ’ன்னேன். அவனுக்குச் சிரிப்புத் தாங்கலை. ‘ஓகே அண்ணா, ஸ்லீப்பிங்’னு ஸ்பேனருக்கு ஒரு தட்டுத் தட்டித் தூங்க வெச்சுட்டுப் போனான்.

காலையில பார்க்கணும்னுதானுங்க இருந்தேன். பார்க்காம விடறவன் இல்லை நான். ஏழே முக்காலுக்கு மறுபூஜை. எட்டரைக்கு வண்டி வெளிய போயாகணும். முக்கா மணி நேரத்துல டயர் மாத்தணும், பெட்ரோல் ஊத்தணும், சக்கரம் நேர் பார்க்கணும். கூட இருந்த ஆளு லீவு, ஊருல பூஜை. ஏர் எடுக்க நேரம் எங்கீங்க இருக்குது? பெடலைக் கையால அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு.

ஆறிப்போன பிரேக் எப்பவும் கல்லு மாதிரிதான் இருக்கும். அது எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். சூடானாத்தான் சொல்லும்.

முன் இடது சக்கரத்துக்கு உள்ளார, ஏர் எடுக்கற நிப்பிள் பக்கத்துல, கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. துணியால துடைச்சேன். வண்டின்னா ஈரம் இருக்காதாங்க? அது எண்ணெயோ, பூஜைக்குத் தெளிச்ச தீர்த்தமோ, யாரு கண்டா. மோந்து பார்க்கல. துடைச்சேன். வண்டி செக் பண்ற ஷீட்டுல ‘பிரேக் ஓகே’ன்னு எழுதி டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவன் உக்காந்து பெல்ட்டுப் போடறப்ப என்ற மூஞ்சியப் பார்த்தான். வாயால கேக்கலீங்க, பார்த்தான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவனும் காட்டினான்.

ஏழாவது சுத்து. ரெண்டாவதாப் போயிட்டு இருக்கான். நேர் ரோடு முடியற இடத்துல எல்லா வண்டியும் பிரேக் போட்டுத் திரும்புது, இவன் வண்டி மட்டும் திரும்பாம நேராப் போகுது. சத்தமே வித்தியாசமா இருந்துச்சு. நான் ஓடுனேன் சார். எனக்கு அம்பத்திரண்டு வயசு, சுகர் இருக்குது, ஓடுனேன். நான்தான் முதல்ல போயிப் பிடிச்சேன். வண்டி மூக்கு உள்ள மடிஞ்சு கால் மாட்டியிருந்துச்சு. அவன் கத்தலை. ‘அழுத்தினேன் அண்ணா, அழுத்தினேன்’னு அதையே சொல்லிட்டு இருந்தான். தமிழ்ல சார். அந்த வார்த்தைய நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

இன்னிக்கும் மிக்ஸியில வீட்டுக்காரி சுவிட்ச் அழுத்துனா எனக்கு அதுதான் கேக்குது.

விசாரணைன்னு ஒண்ணு வெச்சாங்க. முன் இடது பக்கம் பூரா பிஞ்சு போனதால ஒண்ணும் தெரியலை. வண்டியில எல்லாத்தையும் பதிவு பண்ற டப்பா ஒண்ணு இருக்கும், அதுவும் நொறுங்கிப் போச்சு. ஷீட்டைக் காட்டச் சொன்னாங்க, காட்டுனேன். டிக் இருக்குது, கையெழுத்து இருக்குது. முந்தின நாள் டிரைவர் ஏதாச்சும் சொன்னாரான்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? சும்மா பேசிட்டு இருந்ததையெல்லாம் சொல்ல முடியுமா? ஒண்ணும் சொல்லலைங்கன்னேன்.

அப்பறம் ஆஸ்பத்திரியில அவன்கிட்டக் கேட்டாங்க. அதுக்கு முந்தி, நாங்க ரெண்டு பேரு மட்டும் இருந்தப்ப, என்ற கையைப் பிடிச்சு, ‘அண்ணா, காலையில பெடலைப் பார்த்தீங்களா?’ன்னான். மூஞ்சி பூரா வீங்கி, கண்ணு மட்டும் தெரியுது. பார்த்தேன் தம்பின்னேன். பார்த்தேன்தானுங்க? கையால அழுத்திப் பார்த்தேன்ல? சரி அண்ணான்னான். ஆபீஸருங்க வந்தப்ப, ‘என் தப்புதான், லேட்டா பிரேக் போட்டேன்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். முந்தின நாள் பெடல் விஷயத்தை வாயே திறக்கலை. சொன்னா எனக்குக் கெட்ட பேருன்னு நெனச்சிருப்பான். தங்கமான பையன்.

அவங்க அம்மா குவைத்துல இருந்து வந்தாங்க. என்ற கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பையனைக் காப்பாத்துனதுக்காமா. அவங்க ஊரு மாம்பழ வத்தல் ரெண்டு பாக்கெட் குடுத்தாங்க. வாயில வெக்க முடியலீங்க. பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்.

சேலத்துல வாங்குன வடை சாப்பிடுங்க, ஆறிப் போகுது. எனக்கு வேண்டாம்.

சாம்பியன் பட்டம் வேற எவனுக்கோ போச்சு. ஐரோப்பாவும் போச்சு. இவன் வீட்டுல படுத்துட்டு மாசம் ஒருக்கா எனக்கு மெசேஜ் போடுவான். வீடியோவத் திரும்பப் பார்த்தேன் அண்ணா, திருப்பத்துக்கு முந்தி வர்ற நூறு மீட்டர் பலகைக்கு முன்னாடியே அழுத்தின மாதிரிதான் தெரியுது, ஆனா அழுத்தலை போல. கால் மரத்துப் போயிருக்குமோ அண்ணா? பயந்துட்டேனோ? நான் கட்டை விரல் போட்டு அனுப்புவேன். வேற என்ன அனுப்பறது?

இப்ப இது. சாயங்காலத்துக்குள்ள.

எழுதுங்க சார். ‘தம்பி ஜெரிக்கோவுக்கு. பிரேக் நல்லா இருந்துச்சு. நான் பார்த்தேன்.’ அவ்வளவுதான். உன்ற கால்தான் தப்புன்னு எழுதாதீங்க, மனசு நோகும். பிரேக் நல்லா இருந்துச்சுன்னு மட்டும். பாக்கிய அவனே புரிஞ்சுக்குவான்.

ஏனுங்க, கையை எடுத்துட்டீங்க?

நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியுதுங்க. ஆனா யோசிங்க. மலேசியாவுக்குப் போயி என்ன பண்ணுவான்? அந்த இருபது சீட்டுக்கு அது வழியா? இன்னும் நாலு வருஷம் அலைவான், இன்னொரு சுவத்துல போயி அடிப்பான். அன்னிக்குத் தூக்கறதுக்கு நான் இருப்பனா? இப்ப நிறுத்திக்கிட்டா உசிரோட இருப்பான். அப்பன் கூட ஜீப்புக்கு பாடி கட்டுவான், கல்யாணம் பண்ணுவான். நான் அவன் நல்லதுக்குத்தானுங்க சொல்றேன். எனக்கு என்ன லாபம் இதுல? ஃபிலிப்பைன்ஸ்காரன் அங்க போய்ச் சேர்றதெல்லாம் நடக்காதுங்க. பிரேக் பிடிச்சிருந்தாலும் நடந்திருக்காது.

பிடிச்சிருந்தாலும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

எழுத மாட்டீங்களா? சரி விடுங்க. பெரிய படிப்பு. போனைக் குடுங்க இங்க. எனக்கே தெரியும். ஒவ்வொரு வண்டிக்கும் ஷீட்டுல முப்பது வருஷமா இங்கிலீஷ்ல எழுதறதுதான இது, ரெண்டே வார்த்தை. பி, ஆர், ஈ... இந்தா. பிரேக் ஓகே. அனுப்பியாச்சு. பார்த்தீங்களா, இதுக்குப் போயி உங்களை இத்தனை நேரம் கெஞ்சிட்டு இருந்தேன்.

நாளைக்கு ஆயுத பூஜைங்க, தெரியுமுங்கள்ல? மெட்ராஸ்ல புது டீம். அதுக்குத்தான் போறேன். இந்தப் பையில பொரி, கடலை, சந்தனம், எலுமிச்சம்பழம் பூரா இருக்குது. கோயமுத்தூர்ச் சந்தனம் மாதிரி அங்க கிடைக்காது. இந்தத் தடவை நல்லா விமரிசையாப் பண்ணிரணும். போன வருஷம் பூஜையில ஏதோ குறை வெச்சுட்டேன்னு மனசுல இருந்துட்டே இருக்குது.

அட, அந்த ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. படிச்சுட்டான். எழுதறான் பாருங்க, புள்ளி புள்ளியா ஓடுது. வந்துருச்சு. என்ற கண்ணாடி பைக்கடியில மாட்டிக்கிச்சு, நீங்களே கொஞ்சம் படிங்க சார். எழுதத்தான் மாட்டேன்னீங்க, படிக்கறதுக்கென்ன?

‘நன்றி அண்ணா. அப்போ என் கால்தான். மலேசியாவுக்கு முடியாதுன்னு சொல்லிடறேன். நாளைக்குப் பூஜை இல்லையா? எனக்காகவும் கும்பிட்டுக்குங்க. டூல் எல்லாம் நல்லாத் தூங்கட்டும்.’

அப்பிடியா எழுதியிருக்கான்?

கும்பிடறேன் கண்ணு. உனக்கில்லாமயா.

ஏனுங்க சார், பையை எடுத்துட்டு எந்திரிச்சுட்டீங்க? இது காட்பாடிங்க. நீங்க மெட்ராஸ்னுதான சொன்னீங்க?